முழுகிட்டா ஒண்ணுமில்ல

வாங்க டீச்சர். அந்தக் குடத்தத் தள்ளி வச்சிட்டு இந்தப் பக்கமா உக்காருங்க. வீடெல்லாம் தண்ணியாக் கெடக்கு, கோவிச்சுக்கிடாதீக. எங்க தெருவுக்கு இன்னைக்குத்தான் தண்ணி விட்டிருக்கான். விட்டா ஒரேயடியா விடுவான், இல்லாட்டி வாரக்கணக்குல இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான். அதான் தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிட்டு, சட்டி பானை அண்டா குண்டா எல்லாத்துலயும் பிடிச்சு வச்சுக்கிட்டிருக்கேன். இப்பம்லாம் வீட்ல ஆளும் கொறச்சல்தான். ஆனாலும் கொழாய்ல தண்ணி வந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது.

தர்ஷினி குளிச்சுக்கிட்டிருக்கா. வந்துருவா. நீங்க அவகிட்டப் பேச வந்தீகளா, எங்கிட்டப் பேச வந்தீகளா? எங்கிட்டயா. சரி. எதுக்குன்னும் தெரியும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல ஒரு வகுப்பு வைக்கிறீகளாம்ல, வயசுக்கு வந்த பிள்ளைகளுக்குன்னு. அதுக்குப் போகட்டுமான்னு எங்கிட்டக் கேட்டா. பால் பொங்குது, போயி அடுப்ப அணைன்னேன். அடுப்புல பாலே இல்ல.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா டீச்சர்? ஆகலையா. தப்பா நெனைக்காதீக, மனசுல பட்டதக் கேக்குறேன். கல்யாணம் ஆகாத பிள்ள, அம்புட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால நின்னுக்கிட்டு எப்படித்தான் அதையெல்லாம் வாய் விட்டுச் சொல்லுவீகளோ! நான் ரெண்டு பெத்தவ. எனக்கு நாக்கு எந்திரிக்காது.

நீங்க ஊருக்குப் புதுசு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இதுக்கு முந்தியும் ஒரு தடவை இந்த வகுப்பு வைக்கிறோம்னு கெளம்பினாக. மூத்தவ பத்தாவது படிக்கையில. ஆஸ்பத்திரியிலருந்து ஒரு நர்ஸு வந்து, போர்டுல படமெல்லாம் போட்டுச் சொல்லிக் குடுக்கப் போறாகன்னு சொன்னா. படமாம்! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். தீப்பெட்டி ஆபீஸ்ல எங்கூட வேலை பாக்குற பொம்பளைக அத்தன பேத்தையும் கூட்டிக்கிட்டு நேரா பெரிய டீச்சர் ரூமுக்குப் போயிட்டேன். "எங்க பிள்ளைகளப் படிக்கத்தான் அனுப்புறோம், கெட்டுப் போறதுக்கு அனுப்பல. தெரியாததச் சொல்லிக் குடுத்துத் தெரிய வைக்காதீக"ன்னேன். மத்தவளுகெல்லாம் வாசல்லயே நின்னுட்டாளுக. நான் ஒருத்திதான் பேசுனேன். வகுப்பே நின்னு போச்சுல்ல! வெளிய வந்ததும் அம்புட்டுப் பேரும் எங்கையப் பிடிச்சுக்கிட்டு, நீதாம்க்கா ஆளுன்னாளுக. நான் பிள்ளைகள அப்படி வளத்தவ டீச்சர். சும்மா விட்டவ இல்ல.

இந்தா, சுவத்துல இருக்காள்ல, அவதான் மூத்தவ. செண்பகவல்லி. நம்மூரு அம்மன் பேரு. பள்ளிக்கூடத்துக் கார்டுக்கு எடுத்த படம்தான், அதத்தான் பெருசாக்கி மாட்டியிருக்கோம். சிரிக்காதன்னு போட்டோக்காரன் சொன்னானாம். அதான் அப்படி உம்முன்னு இருக்கா. வீட்ல அப்படி இருக்க மாட்டா. வாய் ஓயாது.

பன்னெண்டாவது படிச்சுக்கிட்டிருந்தா. போன தையில போயிட்டா.

உங்ககிட்ட பள்ளிக்கூடத்துல சொல்லியிருப்பாக. என்ன சொன்னாக? வேண்டாம், சொல்லாதீக. ஊர் என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியும். ஆத்தாக்காரி சரியில்ல, பிள்ளைக்கு ஒரு நல்லது பொல்லாது சொல்லி வளக்கலன்னுதான சொல்லுது? நான் சொல்லாம இல்ல டீச்சர். அதத்தான் உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். நான் சொல்லாம இல்ல.

அவ பெரிய மனுசி ஆனப்ப ஊரையே கூட்டிச் சடங்கு வச்சோம். தெரு முனையில பேனரு, பந்தலு, ரேடியோ செட்டு, எந்தம்பி தாம்பாளம் தாம்பாளமா சீர் கொண்டு வந்து எறக்குனான். எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டுறவரு, மாசத்துல பாதி நாளு ரோட்டுலதான் பொழப்பு. அவரே ராஜபாளையத்துல லோடு எறக்கிட்டு ஓடி வந்து பந்தல்ல நின்னாரு. அன்னைக்குச் சாயந்தரம் கூட்டமெல்லாம் போனப் பெறகு, பிள்ளைய உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னேன். "ஏட்டி, இனிமே நீ சின்னப்பிள்ள இல்ல. பாத்துப் பதனமா இருக்கணும். ஆம்பளப் பயக கூட நின்னு பேசக் கூடாது. மாசாமாசம் தவறாமத் தலைக்குக் குளிச்சிரணும். அது தவறிச்சுன்னா குடும்ப மானமே போயிரும். புரிஞ்சுச்சா?" அப்படின்னேன். "சரிம்மா"ன்னா. புரிஞ்சுச்சான்னு ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் சரிம்மான்னுதான் சொன்னா. இதுக்கு மேல ஒரு தாய் என்ன சொல்லணும்? நீங்களே சொல்லுங்க.

சொன்னதோட விட்டேனா? இல்ல. மாசாமாசம் கண்ணுல எண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்தேன். நாப்கின் எல்லாம் பள்ளிக்கூடத்துலயே குடுத்துருதாக, அத நான் பாக்குறதில்ல. எனக்கு அடையாளம் தலைதான். காலம்பற தலையில துண்டக் கட்டிக்கிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து நிப்பா. அதப் பாத்துட்டேன்னா அந்த மாசம் எனக்கு நிம்மதி. வேலைக்குப் போயிருவேன். கேக்குறதெல்லாம் கெடையாது. கேக்குறதுக்கு என்ன இருக்கு, தலை ஈரமா இருக்குல்ல.

ஒரு கூத்து சொல்றேன் கேளுங்க. அப்ப அவ எட்டாவதோ ஒம்பதாவதோ. எந்தங்கச்சிய சாத்தூர்ல கட்டிக் குடுத்திருக்கு. ரொம்ப நாளாப் பிள்ளை இல்ல, போகாத கோயில் இல்ல. ஒரு நாளு ஸ்வீட்டு டப்பாவத் தூக்கிக்கிட்டு சிரிச்ச மூஞ்சியா வந்து எறங்குனா. "அக்கா, நான் முழுகாம இருக்கேன்"ன்னா. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். பிள்ளை உண்டாயிருக்குங்கிறத அப்படிப் பட்டுன்னு சொல்றதில்ல, முழுகாம இருக்கா, தலைக்குக் குளிக்காம இருக்கான்னுதான் சொல்லுவோம். நல்ல வார்த்தைதான டீச்சர், கேக்குறதுக்கு ஒரு மரியாதையா இருக்கும்ல. இந்தச் சின்னக் கழுத தர்ஷினி, அப்ப வாண்டு, ஓடி வந்து, "ஏன் சித்தி முழுகல? உங்க ஊர்லயும் தண்ணி வரலையா?"ன்னு கேட்டுச்சு பாருங்க. நாங்க சிரிச்சோம், சிரிச்சோம், எந்தங்கச்சிக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

மூத்தவ சிரிக்கல. கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னா. "அப்ப முழுகிட்டா?"ன்னு கேட்டா. நான் சிரிச்சுக்கிட்டே, "முழுகிட்டா ஒண்ணுமில்லட்டி, போ, போயி சித்திக்குக் காப்பி போடு"ன்னேன். அவளும் போயிட்டா. காப்பியில சீனியே போடல அன்னைக்கு.

பன்னெண்டாவது படிக்கையில, ஆடியோ ஆவணியோ, அப்பத்தான் பிள்ள தெனமும் தலைக்கு ஊத்த ஆரம்பிச்சா. தெனமும் டீச்சர்! எங்க ஊருத் தண்ணி லெட்சணம் உங்களுக்கு இப்பத் தெரியும்ல. நான் ஆபீஸ்ல பகல் பூரா நின்னு பண்டல் போட்டுட்டு வந்து, அடிபம்புல முக்கி முக்கி அடிச்சு, இடுப்புல ஒண்ணும் கையில ஒண்ணுமாத் தூக்கிட்டு வந்து ஊத்தி வைப்பேன். இவ காலம்பற எந்திரிச்சு அத்தனையையும் மொண்டு மொண்டு தலையில கொட்டுவா. "நான் சுமக்குறதும் நீ கொட்டுறதுமா? சினிமாக்காரியாட்டி நீ?"ன்னு பேசாத பேச்செல்லாம் பேசுனேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டா. வாய் ஓயாத பிள்ள, அது ஒண்ணுக்கு மட்டும் வாயே திறக்க மாட்டா. ஒரு நாளு நானே வாளிய ஒளிச்சு வச்சிட்டேன். வந்து எங்காலப் பிடிச்சுக்கிட்டு அழுதா. "அம்மா, குடும்மா, இன்னைக்கு மட்டும் குடும்மா, நானே தண்ணி தூக்கியாரேன்"ன்னு. தண்ணிக்கு இப்படி ஒரு பிள்ள அழுவாளான்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. வாளிய எடுத்துக் குடுத்துட்டேன்.

அதுக்கப்புறம் அவளே கொடத்தத் தூக்கிக்கிட்டு பம்புக்குப் போக ஆரம்பிச்சிட்டா. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துருச்சுன்னு பக்கத்து வீட்டுல பெருமையாச் சொன்னேன்.

அந்தப் பயலா? அவன் பேர நான் சொல்ல மாட்டேன். டியூசன்ல கூடப் படிச்சவன். அவனும் பன்னெண்டாவதுதான், மீசை கூட முளைக்காதவன். எல்லாம் முடிஞ்சப் பெறகுதான் எனக்கு இப்படி ஒருத்தன் இருக்கான்னே தெரியும். போலீஸு வந்து கூட்டிக்கிட்டுப் போறப்ப, "எனக்கு ஒண்ணும் தெரியாது, அவதான் பயமில்லன்னு சொன்னா"ன்னு அழுதுக்கிட்டே போனான்னு சொன்னாக. அவங்காத்தா எங்க வீட்டு முன்னால வந்து மண்ண வாரி எறிஞ்சா. நானும் எறிஞ்சேன். ரெண்டு பேரும் தெருவுல நின்னு மாறி மாறி மண்ண வாரி எறிஞ்சோம். இப்ப நெனச்சா எதுக்குன்னு தெரியல.

ஐப்பசி பெறந்ததும் பிள்ள பூசுனாப்புல ஆனா. கன்னமெல்லாம் வந்து, அப்படியே எங்கம்மா சாடை. எனக்குச் சந்தோசம். எலும்பும் தோலுமாத் திரிஞ்ச பிள்ள, இப்பத்தான் உடம்பு பிடிக்குதுன்னு நெனச்சேன். சுத்திப் போட்டேன். பள்ளிக்கூடத்து உடுப்புக்கு மேல அந்த ஓவர்கோட்டு வேற போட்டுக்கிடுவா, வீட்டுக்கு வந்தா தொளதொளன்னு நைட்டி. நான் என்னத்தக் கண்டேன்? தலை மட்டும் தெனம் ஈரமா இருந்துச்சு. அதத்தான கண்டேன்.

மார்கழியில தலைவலின்னு படுத்துட்டா. சும்மா தலைவலி இல்ல, மண்டைய ரெண்டாப் பொளக்குதும்மான்னு சொவத்துல முட்டுனா. எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. மார்கழிக் குளிருல தெனமும் தலைக்கு ஊத்திக்கிட்டு ஈரத்தோட திரிஞ்சா, நீர் கோக்காம என்ன செய்யும்? நொச்சி எலையப் போட்டு ஆவி பிடிக்க வச்சேன். சாம்பிராணி போட்டேன். காலு வீங்கியிருந்துச்சு, செருப்பு வாரு அமுங்குன தடம் அப்படியே நின்னுச்சு. அதுவும் நீர்தான்னு நெனச்சேன். கண்ணு முன்னால பூச்சி பூச்சியாப் பறக்குதுன்னா. செல்லப் பாக்காதன்னு அதப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டுனேன்.

ஆனா நான் பாக்காம விடல டீச்சர். இதையும் கேட்டுக்கங்க. டாக்டருகிட்டக் கூட்டிக்கிட்டுப் போனேன். எங்க தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டரு இருக்காரு, வயசாளி, நல்ல மனுசன், கூட்டம் அள்ளும். பிள்ளைய உக்கார வச்சு நாடி பாத்தாரு, கண்ண இழுத்துப் பாத்தாரு. ரத்தம் கம்மியா இருக்குன்னாரு. பெறகு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, "தலைக்கெல்லாம் ஒழுங்காக் குளிக்கிறியாம்மா? எப்பக் குளிச்ச?"ன்னு கேட்டாரு. பெரிய மனுசன், ஒரு பொம்பளப் பிள்ளகிட்ட எப்படிக் கேக்கணுமோ அப்படிக் கேட்டாரு.

"இன்னைக்குக் காலையிலதான் சார்"ன்னா.

அவரு எம்மூஞ்சியப் பாத்தாரு. நான், "ஆமா சார், நான் பாத்தேன்"ன்னேன். பொய்யா டீச்சர்? என் கண்ணாலதான பாத்தேன். "சரி சரி, அப்ப ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டு சத்து மாத்திரையும் தலைவலி மாத்திரையும் எழுதிக் குடுத்தாரு. ஈரத் தலையோட இருக்காதம்மான்னு அனுப்பிட்டாரு. நான் வெளிய வந்து அவள ஒரு பிடி பிடிச்சேன். "பாத்தியா, டாக்டரே சொல்லிட்டாரு, இனிமே தலைக்கு ஊத்துன, கொன்னுருவேன்"ன்னேன். அவ சிரிச்சா டீச்சர். ரொம்ப நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் நல்லாச் சிரிச்சா. "ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாருல்லம்மா"ன்னா. திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கிட்டு வந்தா. வழியில முறுக்கு வாங்கிக் கேட்டா, வாங்கிக் குடுத்தேன்.

பொங்கல் முடிஞ்ச வாரம். அன்னைக்கும் தண்ணி வந்த நாளுதான். நான் தெருக்கொழாய்ல நிக்கிறேன். தர்ஷினி கத்திக்கிட்டே ஓடி வாரா, "அம்மா, அக்காவுக்குக் கையி காலெல்லாம் இழுக்குது"ன்னு. கொடத்தப் போட்டுட்டு ஓடுனேன். குளிச்சிட்டு வந்த பிள்ள, தலையில துண்டோட, இந்தா, இந்த எடத்துலதான் விழுந்து கெடந்தா. நீங்க உக்காந்திருக்கீகள்ல, அங்கன. இல்ல இல்ல, நீங்க உக்காருங்க, எந்திரிக்காதீக. கண்ணு மேல சொருகிப் போச்சு, வாயில நுரை தள்ளுது. வலிப்புன்னு சாவிக்கொத்த எடுத்துக் கையில திணிச்சேன். அந்தக் கையி எம்புட்டு இறுக்கமாப் பிடிச்சுச்சு தெரியுமா? சாவியோட என் விரலையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டா. ஆட்டோவுல ஆஸ்பத்திரி போற வரைக்கும் விடவேயில்ல.

பெரிய ஆஸ்பத்திரியில ஒரு பொம்பள டாக்டரு. வயித்துல கைய வச்சுப் பாத்ததுதான், அந்தம்மா மூஞ்சியே மாறிப் போச்சு. "எத்தன மாசம்?"னு எங்கிட்டக் கத்துனாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல. "என்ன எத்தன மாசம்?"னு கேட்டேன். "ஏம்மா, பிள்ள வயித்துல இருக்குறது தெரியாதா உனக்கு? கடைசியா எப்பத் தலைக்குக் குளிச்சா?"ன்னாக.

நான் சொன்னேன். "இன்னைக்குக் காலையிலதான் டாக்டரம்மா. என் கண்ணால பாத்தேன். தொட்டுப் பாருங்க, இன்னும் ஈரம் காயல"ன்னேன்.

அந்தம்மா என்னையப் பாத்த பார்வ இருக்கே, ஒரு கிறுக்கியப் பாக்குறாப்புல பாத்தாக. அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. உள்ள தள்ளிக்கிட்டுப் போயிட்டாக. அவ கையிலருந்து சாவியப் பிரிச்செடுத்து ஒரு நர்ஸு எங்கிட்டக் குடுத்துச்சு.

ரெண்டு உசுரும் போச்சு டீச்சர். உள்ள இருந்தது ஆம்பளப் பிள்ளையாம். யாரு கேட்டா? அந்த ஆயா வந்து எதுக்கோ அதச் சொல்லிட்டுப் போனா.

பெறகு அந்த டாக்டரம்மா என்னைய ஓரமாக் கூப்பிட்டுச் சொன்னாக, கோவமில்லாமத்தான் சொன்னாக. தலைவலி, கால் வீக்கம், கண்ணு முன்னால பூச்சி பறக்குறது, இதெல்லாம் மாசமா இருக்கையில பிரஷர் ஏறுறதுக்கு அடையாளமாம். சின்ன வயசுல உண்டானா அது சாஸ்தியா வருமாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முன்னக்கூடி கூட்டிக்கிட்டு வந்து விசயத்தச் சொல்லியிருந்தா, பாத்துக் காப்பாத்தியிருக்கலாமாம். எனக்கு வயிறு எரியுது டீச்சர். நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேனே! டாக்டரு கேட்டாரு, நாங்க உள்ளத உள்ளபடி சொன்னோம். வேற என்னத்தச் சொல்லியிருக்கணும்?

அறுத்துக் கட்டிக் குடுத்தாக. குளிப்பாட்டக் கூடாதுன்னுட்டாக. பொம்பளைக எல்லாம் சேந்து, பெத்தவ ஒரு சொம்பாவது ஊத்தட்டும்னு சொன்னப் பெறகு, மூஞ்சியில மட்டும் துணிய வெலக்கி விட்டாக. நான் தலையில ஊத்துனேன். அவகிட்ட எத்தன நாளு சண்டை போட்டிருப்பேன் தண்ணிக்கு. அன்னைக்கு வீடு நெறயத் தண்ணி இருந்துச்சு. ஒரு சொம்புக்கு மேல ஊத்த விடல.

எங்க வீட்டுக்காரரு இப்ப எங்கிட்டப் பேசுறதில்ல. வாராரு, திங்கிறாரு, போறாரு. வீட்ல இருந்துக்கிட்டு நீ என்னத்தப் பாத்தன்னு ஒரே ஒரு தடவை கேட்டாரு. அதோட சரி.

அத விடுங்க. ஊரு பேசட்டும், அவரு பேசாம இருக்கட்டும். எனக்குப் பொறுக்காதது இவ பேசுனதுதான். இந்தச் சின்னவ. காரியமெல்லாம் முடிஞ்சு, சொந்தக்காரக போனப் பெறகு, நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருக்கேன். பின்னால வந்து நிக்கிறா. "அம்மா, அக்கா தெனமும் முழுகிட்டுத்தானம்மா இருந்தா? பெறகு எப்படி?"ன்னு கேட்டா. என்னட்டி சொல்றன்னு திரும்புனேன். "நீதானம்மா அன்னைக்குச் சித்தி வந்தப்பச் சொன்ன, முழுகிட்டா ஒண்ணுமில்லன்னு. அக்கா அதத்தான் எங்கிட்டயும் சொல்லிக் குடுத்தா. தலைக்கு ஊத்துனா எதுவும் ஆகாது, அம்மாவே சொல்லியிருக்காகன்னு"ங்கிறா.

அடிச்சேன். கையில இருந்த கரண்டியாலயே அடிச்சேன். அழவே இல்ல டீச்சர் அந்தப் பிள்ள. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா.

நான் பேச்சுக்குச் சொன்னது டீச்சர் அது. ஊரே சொல்ற பேச்சு. நானா கண்டுபிடிச்சேன்? எங்கம்மா எங்கிட்ட அப்படித்தான் சொன்னா, நான் புரிஞ்சுக்கிடலையா? எந்தங்கச்சி புரிஞ்சுக்கிடலையா? பிள்ளைக எத எங்க கொண்டு போயி முடிச்சுப் போடுது பாருங்க! பன்னெண்டாவது படிக்கிற பிள்ளைக்கு இது கூடவா தெரியாது? அப்படின்னா பள்ளிக்கூடத்துலதான் என்னத்தச் சொல்லிக் குடுத்தீக? நீங்க இல்ல, உங்களுக்கு முந்தி இருந்தவுகளச் சொல்றேன். ஒரு நர்ஸு வந்து நாலு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா எம்பிள்ள...

தண்ணி நின்னுருச்சா? இல்ல, வருது வருது. சத்தம் கொறஞ்சாப்புல இருந்துச்சு.

காப்பித்தண்ணி குடிங்க, ஆறிப் போகுது. கருப்பட்டிதான், உங்களுக்குப் பிடிக்குமோ என்னமோ.

தர்ஷினி இன்னும் குளிச்சுத்தான் முடிக்கல. தலைக்கு ஊத்துறா, அதான் நேரமாகுது. இப்ப இவளும் தெனமும் ஊத்துறா டீச்சர். நான் திட்டுறதில்ல. தண்ணிய நானே தூக்கிக் கொண்டு போயி வச்சுருதேன். முந்தாநாளு தலையத் தொவட்டி விட்டுக்கிட்டே, ஏண்டா தங்கம் தெனமும் ஊத்துற, நீர் கோத்துக்கிடும்லன்னு கேட்டேன். "பயமா இருக்கும்மா"ன்னா. எதுக்குப் பயம்னு கேக்கணும்னுதான் நெனச்சேன். வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. அவ என்ன சொல்லிருவாளோன்னு எனக்குப் பயம். ஒண்ணும் இருக்காது, அவ நல்ல பிள்ள, அக்காவ நெனச்சுப் பயந்துக்கிட்டிருக்கா, அம்புட்டுத்தான். ஆனாலும் கேக்கல. துண்ட இறுக்கிக் கட்டி விட்டேன்.

அனுப்புறேன் டீச்சர். வெள்ளிக்கிழமை அனுப்புறேன். நானே கொண்டு வந்து விட்டுட்டு, வகுப்பு முடியிற வரைக்கும் வெளிய மரத்தடியில உக்காந்திருக்கேன். ஆபீசுக்கு லீவு போட்டுக்கிடுவேன். மூத்தவளுக்கு என்ன தெரியாமப் போச்சோ, அத இவளுக்கு நல்லாத் தெரியிறாப்புலச் சொல்லிக் குடுங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன். எனக்கு இருக்குறது இவ ஒருத்திதான்.

ஆனா ஒண்ணு. பச்சையாச் சொல்லாதீக. போர்டுல படம் கிடம் போடாதீக. வயசுப்பிள்ளைக, மனசு ஒரு மாதிரி ஆயிரும். நம்ம வழக்கத்துல நாசூக்காச் சொல்றதுக்கு வார்த்தை இல்லாமலா போச்சு? தலைக்குக் குளிக்கிறதப் பத்தின்னு ஆரம்பிங்க. அது போதும். எம்பிள்ளைக்குப் புரிஞ்சிரும்.